ஜோஸ்யத்துக்கு ஐந்தொகை உண்டா?

மார்கழி பிறந்தால் வாசலில் கோலமும் பூசணிப் பூவும் வருவதுபோல், இங்கிலீஷ் வருஷம் முடிகிற சமயத்தில் ஜோஸ்யமும் வந்துவிடுகிறது. வரும் வருஷத்தில் செயற்கை அறிவு எத்தனை பேருடைய உத்தியோகத்தைப் பறிக்கும், தங்கம் எந்த விலைக்கு ஏறும், மின்சார மோட்டார்கள் பெட்ரோல் மோட்டார்களை எப்போது வீதியிலிருந்து விரட்டும், கல்யாணச் செலவு குறையுமா கூடுமா - இவ்வளவுக்கும் பதில் சொல்ல நிபுணர்கள் தயாராயிருக்கிறார்கள். ஆனால் சென்ற வருஷம் அவர்கள் சொன்னது என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதற்குள் புது ஜோஸ்யம் வந்துவிடுகிறது. ஒரு வியாபாரி இப்படி வருஷா வருஷம் ஐந்தொகை எடுக்காமல் கடை நடத்தினால் மூன்றாம் வருஷம் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஜோஸ்ய வியாபாரம் மாத்திரம் எப்படியோ நடந்து வருகிறது.

நமக்கு இது புதிதன்று. சித்திரை மாதப் பிறப்பன்று கோயிலில் பஞ்சாங்கம் படிக்கிற வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. அந்த வருஷத்துக்கு ராஜா எந்தக் கிரகம், மந்திரி எந்தக் கிரகம் என்று ஆரம்பித்து, ஒரு மந்திரி சபையையே அமைத்துவிடுவார்கள். மேகாதிபதி மழைக்குப் பொறுப்பு, சஸ்யாதிபதி பயிருக்கு, அர்க்காதிபதி விலைவாசிக்கு. (விலைவாசிக்கு நான்தான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும் மந்திரியைப் பஞ்சாங்கத்தில் மட்டுமே காணலாம்.) பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று அட்டவணை உண்டு. மழைக்கும் அளவு உண்டு. இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை. அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கும்.

மழையைக் கூறு போட்டுச் சொல்லும் இந்த ஏற்பாட்டை நான் வெகு காலம் வேடிக்கையாகவே நினைத்திருந்தேன். ஏரலுக்குப் போய் வந்த பிறகு அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. பஞ்சாங்கம் சொல்லும் விடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அது எழுப்புகிற கேள்வி இருக்கிறதே, அது சரியான கேள்வி.

ஏரலை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளில் வயல்களுக்கு நீர் கொடுத்து, கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிக் கடலை நோக்கிப் போகும் வழியில், அதன் வட கரையில் இருக்கிறது இந்த ஊர். 1986-ம் வருஷம் வரையில் திருநெல்வேலி ஜில்லா. அப்பால் தூத்துக்குடி ஜில்லா. ஊர் சிறிது, கடைவீதி பெரிது. சுற்றுப்புறத்து வாழைக்காரரும், ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காரரும் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஜவுளிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் இங்கேதான் வருவார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரையில் எள் விழ இடமிராது. அங்கே சேர்மன் அருணாசல சுவாமிகள் கோயில் இருக்கிறது. சுவாமிகள் 1906-ல் இந்த ஊரின் சேர்மனாகி, 1908-ம் வருஷம் ஆடி அமாவாசையன்று மறைந்தவர். தாம் மறையும் நாளை முன்னதாகவே குறித்துச் சொல்லிவிட்டார் என்பது பக்தர்கள் கூறும் வரலாறு. ஜோஸ்யத்தைப் பற்றி எழுதப் புகுந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எங்கே கிடைக்கும்?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் அந்தக் கடைவீதியில் பழக்கமான ஜவுளிக் கடை அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கையிலே ஒரு பத்திரிகை. "வரும் வருஷம் எப்படி?" என்ற கட்டுரை அதில் வந்திருந்தது. படித்துக் காட்டினேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சுவரைக் காட்டினார்.

"இதப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மங்கலாய் ஒரு கோடு. வெள்ளையடித்தும் போகவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் தண்ணீர் நின்ற அடையாளம் அது.

அந்த வருஷத்துக்குத் தமிழ்ப் பெயர் சோபகிருது. மங்களத்தைச் செய்வது என்று பொருள் சொல்வார்கள். டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. கார்த்திகைக்கு மிஞ்சி மழையுமில்லை, கர்ணனுக்கு மிஞ்சிக் கொடையுமில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு ஜோஸ்யந்தானே? அந்த ஜோஸ்யத்துக்கு மறுநாளே முடிவு காலம் வந்துவிட்டது. 18-ந் தேதி காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கிறது ஏரல். ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்கிற மழையைக் காட்டிலும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். குளங்கள் உடைந்தன. ஆறு பெருகிக் கடைவீதிக்குள் புகுந்தது. ஆற்றுப் பாலத்தின் ஓரத்துச் சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிற்று. மின்சாரம் இல்லை, செல்போன் பேசவில்லை, ஊர் தீவாயிற்று.

வானிலை இலாகாவார் முன்னதாகச் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். பலத்த மழை வரும், மிகப் பலத்த மழை வரும் என்று எச்சரித்திருந்தார்கள். பின்னால் சென்னைக்கும் தில்லிக்கும் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. முன்கூட்டியே சொன்னோம் என்றது தில்லி. இவ்வளவென்று சொல்லவில்லையே என்றது சென்னை. இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். இலாகாவின் அளவுகோலில் மிக மேலான படி ஏறக்குறைய 21 சென்டிமீட்டரில் ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் வேறு படி கிடையாது. 21-ம் அந்தப் படியில்தான். 95-ம் அந்தப் படியில்தான். 21 சென்டிமீட்டர் பெய்தால் ஏரல் கடைக்காரர் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். 95 பெய்தால் குழந்தை குட்டிகளோடு மாடிக்கு ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொன்னால், கேட்கிறவர் தமக்குப் பழக்கமான மழையைத்தானே மனத்தில் நினைப்பார்?

இங்கேதான் பஞ்சாங்கக்காரரின் மலைப் பங்கும் நிலப் பங்கும் வருகிறது. பொருநைக் கரையார் வெள்ளம் அறியாதவர்களல்லர். 1992-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி மணிமுத்தாறுக்கு மேலே காக்காச்சி என்ற தேயிலைத் தோட்டத்தில் 96.5 சென்டிமீட்டர் மழை பெய்தது. அணைகள் நிரம்பி, ஆறு கரை புரண்டு, பல உயிர்களைக் கொண்டு போயிற்று. கணக்குக்கு அந்த மழையும் காயல்பட்டினத்து மழையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 1992-ல் பெய்தது மலைப் பங்கு. மலையில் பெய்த தண்ணீர் அணைக்கு வரவேண்டும். அணையிலிருந்து ஆற்றுக்கு வரவேண்டும். அம்பாசமுத்திரத்தையும் திருநெல்வேலியையும் கடந்து பிறகுதான் கீழே வரவேண்டும். கடைமடைக்காரருக்குச் சில மணி நேரமாவது அவகாசம் உண்டு. 2023-ல் பெய்தது மலைப் பங்கு மாத்திரமன்று. நிலப் பங்கும் சேர்ந்தது. அணைக்குக் கீழே, கடற்கரைச் சமவெளியில், தலைக்கு நேர் மேலே கொட்டிய மழைக்கு அணை ஏது, மதகு ஏது? 'பாபநாசத்தில் இத்தனை அடி' என்று கேட்டுக் கேட்டு வெள்ளத்தைக் கணக்கிட்டுப் பழகிய ஜனங்களை அது பின்புறமாக வந்து பிடித்துக்கொண்டது.

"ஆத்துத் தண்ணி வரும்னு ஆத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம். கொளத்துத் தண்ணி முதுகுப் பக்கமா வந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

அன்றிரவு சரியாகப் பலித்த ஜோஸ்யம் ஒன்றும் உண்டு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்கு வந்தது. மேற்கே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும், வண்டி இதற்குமேல் போகாது என்று நிறுத்திவிட்டார்கள். பிரயாணிகளில் எத்தனை பேர் அப்போது சலித்துக்கொண்டார்களோ! வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீட்டிலும் தண்ணீர் இருக்கையில், இருந்த அரிசியைப் பொங்கிக்கொண்டு வந்து போட்டார்கள். 800 பேரும் பிழைத்தார்கள். வருஷ பலனல்ல, மாத பலனல்ல. அடுத்த அரை மணி நேரத்துக்கு ஒரு பலன். அதைக் கேட்டவுடன் காரியம் செய்ய ஓர் அதிகாரம், அதற்கு ஒரு பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். இதைக் காட்டிலும் உயர்ந்த ஜோஸ்யத்தை நான் கேட்டதில்லை.

மழை ஜோஸ்யம் நம் நாட்டில் சாஸ்திரமானதே ஒரு பெரிய துயரத்தினால்தான். 1876-ல் பிறந்தது தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்றால் இன்றும் கிராமத்துக் கிழவிகள் கையை உதறுவார்கள். (அதற்குப் பின் 1936-லும் 1996-லும் தாது வருஷம் வந்தது, பஞ்சம் கூட வரவில்லை. பெயர் பாவம், என்ன செய்யும்?) அந்தப் பஞ்சத்துக்குப் பின்னர், வானிலை இலாகாவின் தலைவராயிருந்த பிளான்போர்டு துரையை, வரப்போகும் மழையை முன்னதாகச் சொல்லும்படி சர்க்கார் கேட்டது. இமயமலையில் பனி அதிகமிருந்தால் அடுத்த பருவமழை குறையும் என்று அவர் கண்டு, 1886 முதல் வருஷா வருஷம் பருவமழை ஜோஸ்யம் வெளியிடலானார். 1904-ல் வந்த வாக்கர் துரை கணித மேதை. உலகத்துக் காற்றழுத்தக் கணக்கையெல்லாம் வரவழைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக் சமுத்திரத்தின் கிழக்கே அழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரத்தின் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசுத் தட்டுகள் மாதிரி! இந்தத் தராசின் ஆட்டத்தைத்தான் இப்போது எல் நினோ என்ற பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். எல் நினோ வந்தால் வடக்கே தென்மேற்குப் பருவமழை மெலியும் என்று பயம். நம் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழைக்கோ அது பெரும்பாலும் அநுகூலம். 2023 ஓர் எல் நினோ வருஷந்தான்.

ஆகையால் வரும் வருஷத்துக்கு நிபுணர்கள் சொல்லும் புதுமைகளில் ஒன்றை மாத்திரம் நான் உண்மையான ஆவலோடு கவனிக்கப் போகிறேன். 2025 மே மாதத்தில் பாரத முன்னறிவிப்பு முறை என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். புனாவில் உருவானது. முன்னெல்லாம் பூமியைப் பன்னிரண்டு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். இப்போது ஆறு கிலோமீட்டர்க் கட்டம். ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நேர்க்கோட்டில் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். பழைய கணக்கில் இரண்டு ஊருக்கும் ஒரே தலையெழுத்து. இனிமேல் ஏரலுக்கென்று தனிக் கட்டம் உண்டு. ஒரு சிறிய ஊர் ராஜ்யத்தின் கணக்குப் புத்தகத்தில் தனிப் பேரேடு பெறுவது சாமானியமா?

செயற்கை அறிவும் இதில் நுழைந்திருக்கிறது. 2025-ல் பதின்மூன்று ராஜ்யங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்கு, பருவமழை எப்போது ஆரம்பமாகும் என்று இந்தச் செயற்கை அறிவைக்கொண்டு கணித்துச் செல்போனில் செய்தி அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் அது தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. ஏரலுக்கு வேண்டியது வடகிழக்கு மழையின் கணக்கு. அந்தக் கணக்கு வரட்டும். அப்புறம் இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்வோம். இன்னொன்று: செய்தி செல்போனில் வருகிறது, செல்போன் வேலை செய்யாத இரவில் அந்தச் செய்தியை யார் சுமந்துகொண்டு வருவார்கள்? முற்காலத்தில் தமுக்கடிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை.

மழையை விட்டு வியாபார ஜோஸ்யத்துக்கு வந்தால், அதற்கும் இந்தக் கரையோரம் பெயர் போனது. 1906-ம் வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் பத்து லட்சம். வக்கீலுக்குக் கப்பல் எதற்கு, ஆறு மாதம் தாங்காது என்று வெள்ளைக்கார வியாபாரிகள் நினைத்தார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்துவிட்டன. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஓசியில்கூட ஏற்றிக்கொள்ளத் தயாராயிருந்தது. 1908-ல் பிள்ளையவர்களைக் கைது செய்து, நாற்பது வருஷத் தண்டனை என்றார்கள். அப்பீலில் அது குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-லேயே கலைந்துவிட்டது. வெள்ளைக்காரர் ஜோஸ்யம் பலித்துவிட்டதென்று சொல்லலாமா? 1974-ல் தூத்துக்குடி பெருந் துறைமுகமாயிற்று. 2011-ல் அதற்கு வ. உ. சி. பெயரே வைக்கப்பட்டது. இந்த ஐந்தொகையை எந்த வருஷத்தில் எடுப்பது என்பதுதான் கேள்வி. 1911-ல் எடுத்தால் நஷ்டம். இன்று எடுத்தால் வேறு கணக்கு. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அதே 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பிரயாணிக் கப்பல் மறுபடி விட்டார்கள். ஜூன் மாதம் ஆரம்பித்தது, அந்த வருஷம் முடிவதற்குள் நின்றுவிட்டது. இம்முறை எதிர்க் கம்பெனியும் இல்லை, கலெக்டர் துரையும் இல்லை.

ஏரலுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் தெற்கே குலசேகரப்பட்டினம் இருக்கிறது. அந்தத் தேரிக்காட்டில் ஒரு காலத்தில் சர்க்கரைக்கும் பனை வெல்லத்துக்குமாக ஒரு கம்பெனி சின்ன ரயில் ஓட்டியது. 1940-ல் அது நின்றுவிட்டது. தண்டவாளம் போன இடம் இன்று பலருக்குத் தெரியாது. அதே குலசையில் 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி எழும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் எரிபொருள் விரயம். சின்ன ராக்கெட்டுக்கு அந்த விரயம் கட்டுபடியாகாது. குலசையிலிருந்து கிளம்பினால் தெற்கே தடையில்லாத கடல். சின்ன ரயிலுக்கும் வந்த இடம், சின்ன ராக்கெட்டுக்கும் வருகிற இடம் அதுவாகவே இருப்பதை எந்த ஜோஸ்யர் சொல்லியிருப்பார்? தூத்துக்குடிக்கு அருகே வியட்நாம் கம்பெனியின் மின்சார மோட்டார்த் தொழிற்சாலையும் 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறந்தாயிற்று. முதலில் வருஷத்துக்கு 50,000 வண்டிகள் என்று திட்டம். சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிற பிள்ளைகளில் சிலரை இந்தத் தொழிற்சாலை ஊரிலேயே நிறுத்திவைக்குமானால், அதுதான் என் கணக்கில் வரவு. வண்டி எத்தனை விற்றது என்பது கம்பெனியின் கணக்கு.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். கல்லாவின் மேல் கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. வருகிறவர்கள் செல்போனை அதன் முன் காட்டிப் பணத்தைச் செலுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 2016-க்கு முன் இப்படி ஒன்று வரும் என்று சொல்லியிருந்தால் ஏரல் கடைவீதி சிரித்திருக்கும். "வெள்ளத்தப்போ இது ஊமையாப் போச்சு. பழையபடி நோட்டில எழுதித்தான் கொடுத்தோம்" என்றார். "நோட்டும் நனைஞ்சிருக்குமே?" என்றேன். "நனைஞ்சுதான் போச்சு. வாங்குனவங்களுக்கு ஞாபகம் இருந்திச்சு." இதை ஒரு பெரிய விஷயமாக அவர் சொல்லவில்லை. சமூகம் எங்கே போகிறது என்று வருஷந்தோறும் எழுதும் நண்பர்கள் இந்த ஒரு வரியையும் தங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். சுவரிலிருந்த கோட்டுக்கு ஒரு முழம் மேலே, புதிதாய் ஒரு பரண் அடித்திருந்தார்கள். கல்யாணப் பட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐப்பசி பிறந்தால் ஏற்றிவிடுவது இப்போது வழக்கமாம். முகூர்த்தக் காலத்தில் வாடிக்கைக்காரருக்கு எடுத்துக் காட்டுவதற்குச் சிரமந்தான். ஒவ்வொரு தடவையும் ஏணி வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி ஒரு புறம் வைத்துவிட்டு, கல்லாவுக்குள்ளிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். "கண்ணாடி கொண்டு வரல. மலைக்கு எத்தனை பங்கு, நெலத்துக்கு எத்தனை பங்குன்னு கொஞ்சம் வாசிங்க" என்றார். வாசித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஏணியின் மேலிருந்து பையன் கேட்டான்: "அண்ணாச்சி, கார்த்திகை முடிஞ்சதும் எறக்கிறலாமா?"

"தை பொறக்கட்டும்ல. பொறவு பாத்துக்கிடலாம்."